கூலிம் நேரம் காட்டிய கடிகாரம்

கூலிம், மலேசியா
9 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை கைருன்னிசாவுக்கு அண்ணன் ஜைனல் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மதினி அஃப்ஸானாவும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெயில் எப்படி என்று மறக்காமல் எழுது.

உன் முதல் கடிதம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் வேலை என்றதும் பெர்த் பக்கம் இருப்பாய் என்று நினைத்தோம். பெர்த்திலிருந்து எட்டு மணி நேரம் காரில் போக வேண்டிய பொட்டல் வெளி என்று இப்போதுதான் தெரிகிறது. கைபேசி கூடாது, வைஃபை கூடாது, மைக்ரோவேவ் அடுப்புகூடக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை அவ்வளவு மெல்லியது, பக்கத்தில் ஒரு போன் இருந்தாலே அமுங்கிவிடும் என்று நீ விளக்கியது எனக்குப் புரிந்தது. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஈமெயில் போடட்டுமா என்று கேட்டாயே, அது வேண்டாம். எனக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு விளம்பரம். அந்தக் குப்பையில் உன்னை எங்கே தேடுவது? காகிதத்திலேயே எழுது. இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

நம் சாப்பாட்டுக் கடைக்கு வரும் காளிதாசனை உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துப் பாடாங் மேஹா ஊர்க்காரன், ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்டு பஸ் வருவதற்கு முன் நம் கடையில்தான் ரொட்டி சானாய். நீ கருந்துளை ஆராய்ச்சி செய்வதாக அவனிடம் பெருமையாகச் சொன்னேன். "துளைன்னா உள்ள ஒண்ணும் இல்லதானே அண்ணே, அத என்னத்த போய் பாக்குறது?" என்றான். கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றிப் பேச்சை மாற்றிவிட்டேன். அடுத்த கடிதத்தில் பதிலை அனுப்பு, என் மானம் உன் கையில்.

உனக்காக எப்போதும் துஆ செய்யும்,
ஜைனல்

*

ஆய்வு நிலையம், மேற்கு ஆஸ்திரேலியா
27 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

நான் சுகம். இங்கே வெயில் நாற்பதைத் தாண்டுகிறது, ஆனாலும் நோன்பு ஒன்றுகூட விடவில்லை. முழங்காலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிடுகிறீர்களா, அல்லது வழக்கம்போல் தைலம்தானா?

காளிதாசன் அண்ணனுக்குப் பதில் இது. அது வெறும் துளை இல்லை. நம் சூரியனைப் போல் பல லட்சம் மடங்கு எடை ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்கிறது. அதன் பிடிக்குள் போன வெளிச்சம்கூடத் திரும்பி வராது, அதனால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அது சாப்பிடும்போது பார்க்கலாம். பக்கத்தில் வரும் விண்மீனைக் கிழித்து இழுக்கும்போது அந்தத் துணுக்குகள் சூடேறி, ரேடியோ அலையாகக் கத்துகின்றன. அந்தக் கத்தலைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

ஐந்து வருடமாக நான் ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தின் பின்னால் அலைகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எண்பது கோடி ஒளி ஆண்டு தூரம். அதன் நடுவில் ஒரு கருந்துளை தூங்குகிறது. அது விழிக்கப்போகிறது என்று முதன்முதலில் சொன்னவள் நான். அதைச் சொன்னதற்காகச் சிரித்தவர்கள் நிறைய. இந்த டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் எதையும் காட்டாவிட்டால் இந்த ஆராய்ச்சியைக் கட்டிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

அண்ணே, அது விழித்துவிட்டது. மார்ச் பதினான்காம் தேதி, மாலை ஏழு மணி ஒன்பது நிமிடத்துக்கு, எங்கள் தலைக்கு நேர் மேலே அந்த மண்டலம் வந்தபோது மெல்லிய ஒரு சிக்னல் வந்தது. மறுநாளும் வந்தது. எங்கள் தொலைநோக்கி திரும்பாது. தரையில் நட்ட ஆண்டெனாக்கள் அப்படியே நிற்கும், வானம்தான் நகரும். அதனால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் அந்த மண்டலம் எங்களுக்குக் கிடைக்கும். பதின்மூன்று நாளாக அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன். இன்னும் பல மாதம் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதுவரை தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

பெருநாள் வாழ்த்து எல்லோருக்கும். அம்மாவிடம் என் ஸலாம்.

உங்கள் தங்கை,
கைருன்னிசா

*

கூலிம்
8 ஏப்ரல் 2025

என் தங்கமான தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் சிறப்பாகப் போனது. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, யார் பேச்சையும் கேட்காமல் பலகாரம் சாப்பிட்டதன் பலன்.

நீ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் அந்த வரிக்கு வருவதற்குள் பாதி கடைக்குச் சொல்லி முடித்திருந்தேன். கடிதத்தைச் சத்தமாகப் படித்தது என் தப்புதான். ஆனால் முக்கியமான விஷயத்தைக் கடைசியில் எழுதியது உன் தப்பு. அன்று காலை எல்லோருக்கும் தே தாரிக் டீ இலவசம். கல்லாவுக்குப் பின்னால் பெரிய அட்டை எழுதி ஒட்டியிருக்கிறேன்: "எங்கள் கைருன்னிசா கருந்துளையை எழுப்பிவிட்டாள்." நீ எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது என்று காளிதாசன் திருத்தினான். நான் கேட்கவில்லை.

இன்னொன்று. பெருநாள் பரிசாக இரண்டாம் தேதி உனக்கு ஒரு பார்சல் போட்டேன். பாங்கு சொல்லும் கடிகாரம். அந்தக் காட்டில் பள்ளிவாசல் ஏது? அதை நம் கூலிம் தொழுகை நேரத்துக்கே வைத்திருக்கிறேன், மாற்றிவிடாதே. இங்கே நாங்கள் தொழப்போகும்போது உனக்கும் ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான்.

அண்ணன்,
ஜைனல்

*

ஆய்வு நிலையம்
30 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். நான் நலம். அம்மாவைப் பலகாரத்திலிருந்து காப்பாற்றுங்கள்.

அட்டையைப் பற்றிப் படித்து அரை நாள் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் இல்லை. உங்களிடம் ரகசியம் சொல்லிவிட்டு அது ரகசியமாக இருக்கும் என்று நம்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கடிகாரம் பதினேழாம் தேதி வந்து சேர்ந்தது. முதல் நாள் அது சத்தமாகப் பாங்கு சொன்னதும் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார். அதனால் சத்தத்தை முழுக்கக் குறைத்து, தங்கும் அறையில் மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். குரல் கேட்காவிட்டாலும், எடுத்துப் பார்த்தால் கூலிம் தொழுகை நேரம் தெரிகிறது. அதுவே போதும்.

இப்போது நல்ல செய்தி. போன வாரம் முழுக்க அந்தச் சிக்னல் மூன்று மடங்காகிவிட்டது. மூன்று மடங்கு. கருந்துளை நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறது. கட்டுரையை எழுதி எங்கள் தலைவியிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டியதில்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அட்டை இருக்கட்டும், கழற்ற வேண்டாம்.

மகிழ்ச்சியில் இருக்கும்,
கைருன்னிசா

*

ஆய்வு நிலையம்
26 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். சுகம், சுகம் அறிய ஆவல்.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். கடிகாரத்தில் பாங்கு நேரத்தை எப்படி வைத்தீர்கள்? கூலிம் அட்டவணையில் உள்ளபடியேவா, அல்லது கையால் நிமிடம் கூட்டியோ குறைத்தோ வைத்தீர்களா? சரியாக ஞாபகப்படுத்தி எழுதுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கைருன்னிசா

*

கூலிம்
5 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளை மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள், கடையில் ஆட்டுக்கறி வேலை தலைக்கு மேல். ஆனாலும் உன் கடிதத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் தெரியுமா? அம்மா அழுதுவிட்டார். "காட்டுல இருந்தாலும் என் பொண்ணு தொழுகை நேரத்த நிமிஷக் கணக்கா கேக்குறா பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். நான் வாங்கிக் கொடுத்த பொருள் வீண்போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: அட்டவணைக்கு மூன்று நிமிடம் முன்னால் வைத்தேன். நம் கடைக் கடிகாரமும் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். பாங்கு சொன்ன பிறகுதான் கை கழுவி, ஏப்ரனைக் கழற்றி ஓடுவது என்றால் ஜமாஅத்துத் தொழுகை கிடைக்காது. அதனால் மூன்று நிமிடம். ஐந்து வேளைக்கும் அதே கணக்கு.

அட்டையில் "மூன்று மடங்கு" என்று சிவப்பு மையில் சேர்த்து எழுதிவிட்டேன். கட்டுரை எப்போது வெளிவரும் என்று கடைக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள், சீக்கிரம் சொல்.

ஜைனல்

*

ஆய்வு நிலையம்
20 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம்.

உடம்பு நலம்தான். மனசு நலமில்லை. இந்தக் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படிக்காதீர்கள்.

மே மாதம் அந்தச் சிக்னல் திடீரென்று பழையபடி மெல்லியதாகிவிட்டது. ஏன் என்று எல்லோரும் பதிவுகளைத் தோண்டினோம். அப்போது ஒரு இரைச்சல் அகப்பட்டது. அந்த விண்மீன் மண்டலம் தலைக்கு மேலே இல்லாத நேரத்திலும் அது வருகிறது. ஏப்ரல் பதினேழிலிருந்து, ஒரு நாள் தவறாமல், தினமும் ஐந்து முறை. ஏதாவது செயற்கைக்கோளாக இருக்கும் என்று பேசிக்கொண்டே ஒருவர் நேரங்களைப் பலகையில் எழுதினார். அதிகாலை 5:54. பகல் 1:14. மாலை 4:29. 7:25. 8:36.

அங்கே இருந்த பன்னிரண்டு பேரில் எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிந்தது. கடிகாரத்தில் இங்கேயும் கூலிமிலும் ஒரே மணிதான், ஆனால் இங்கே சூரியன் மறைவது ஆறு மணிக்கு முன்பே. 7:25 எந்த ஊர் மஃரிப் தொழுகை என்று எனக்குத் தெரியாதா? சத்தத்தைக் குறைத்தாலும் ஒவ்வொரு பாங்கு நேரத்திலும் அந்தக் கடிகாரத்துக்குள் சிப் விழித்து அலை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அலுவலகத்தைச் சுற்றி அலை தாண்டாத இரும்புத் தடுப்பு உண்டு, தங்கும் அறைக்குக் கிடையாது. ஏப்ரல் கடைசி வாரம் அந்த மண்டலம் எங்களைக் கடந்தது மாலை நாலரை மணியை ஒட்டி. அதே நேரத்தில் அஸர் பாங்கு. நான் குதித்த அந்த மூன்று மடங்கு கருந்துளை இல்லை, கடிகாரம்.

நுழைவாசலில் மின்சாரப் பொருள் எது வந்தாலும் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பாங்கு கடிகாரத்தை நான் மின்சாரப் பொருளாகவே நினைக்கவில்லை. வீட்டிலிருந்து வந்தது என்றுதான் நினைத்தேன். அது என் தப்பு, உங்கள் தப்பில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். பலகையைப் பார்த்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. உங்கள் பதில் வரட்டும், உறுதியாகத் தெரியட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் அந்த மூன்று நிமிடத்தைப் படித்ததும் சாக்கு தீர்ந்தது. பலகையில் இருந்த ஐந்து நேரமும் அட்டவணைக்குச் சரியாக மூன்று நிமிடம் முன்னால். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தலைவியின் மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தொலைநோக்கிப் பணியிலிருந்து என்னை விலக்கியிருக்கிறார்கள். மார்ச்சிலிருந்து எல்லாப் பதிவையும் ஒரு குழு சோதிக்கிறது. ஒரு கடிகாரம் ஏமாற்றியது என்றால், மார்ச்சில் வந்ததும் வேறு ஏதோ ஒரு பொருளாக இருக்கலாமே என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். அது பொய் என்று முடிவானால் ஐந்து வருடமும் போயிற்று.

எனக்காக துஆ செய்யுங்கள்.

கைருன்னிசா

*

கூலிம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கைருன்னிசாவுக்கு மதினி அஃப்ஸானா எழுதுவது.

ஸலாம். நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், ஆனால் உன் அண்ணன் நலமில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தார். "அன்புத் தங்கைக்கு" என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அதனால் அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

அட்டையைக் கழற்றிவிட்டார். கழற்றியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "என் கடிகாரத்தால கெட்டுப்போச்சு, என் தங்கச்சி மேல தப்பு இல்ல" என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறார். காளிதாசன் ஒரு நாள், எங்கள் தொழிற்சாலையில் சில அறைக்குள் கைக்கடிகாரம்கூடக் கட்டிப்போக விடமாட்டார்கள், சிப் உள்ள எதுவும் அலை விடும் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கடை வைஃபையை நிறுத்திவிட்டார். கூலிமிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு எட்டாது என்று நான் சொன்னால், "ஒனக்குத் தெரியுமா?" என்கிறார். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நேற்று என்னிடம் சொன்னார்: "அவ அஞ்சு வருஷமா கட்டினத நான் ஒரு பார்சல்ல ஒடச்சுட்டேன் அஃப்ஸானா." நீ ஏதாவது எழுது. நல்ல செய்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுது.

மதினி,
அஃப்ஸானா

*

ஆய்வு நிலையம்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம். இதைக் கடையில் சத்தமாகப் படிக்கலாம்.

உங்கள் கடிகாரம் சூரியனுக்குக் கட்டுப்பட்டது. இன்று அஸர் நாலரைக்கு என்றால் நாளையும் ஏறக்குறைய நாலரைதான். விண்மீன்கள் அப்படி இல்லை. எந்த விண்மீனும் நாளுக்கு நாள் நான்கு நிமிடம் முன்னதாகத் தலைக்கு மேலே வந்துவிடும். பூமியில் இருக்கிற எந்தக் கடிகாரமும், எந்த அடுப்பும், எந்தப் போனும் அப்படி நான்கு நான்கு நிமிடமாக நகராது.

குழு எல்லாப் பதிவையும் ஒரே தாளில் வரைந்தது. உங்கள் கடிகாரத்தின் ஐந்து கோடுகள் ஏப்ரல் பதினேழில் தொடங்கி, நான் அதை ஒப்படைத்த ஜூன் பதினாறு வரை நேராக ஓடி, அங்கேயே நிற்கின்றன. அவற்றை வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு சரிவாக இறங்குகிறது. மார்ச் பதினான்கில் மாலை 7:09. ஏப்ரல் இருபத்து நான்கில் 4:28. நேற்று முன்தினம் காலை 8:44. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. கடிகாரம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அது இருந்தது, கடிகாரம் போய் இரண்டு மாதம் கழித்தும் இருக்கிறது. அந்த நேர்க்கோடுகள் இல்லாமல் வெறும் சரிவுக்கோட்டை மட்டும் காட்டியிருந்தால் இன்னும் ஒரு வருடம் சந்தேகப்பட்டிருப்பார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததால், எது நம் வீட்டுச் சத்தம், எது வானத்துச் சத்தம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகும் தலைவி தென் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு தொலைநோக்கிக் குழுவைக் கேட்டார். அவர்களும் பார்த்துவிட்டார்கள். அதே இடம், அதே மெல்லிய சிக்னல். அண்ணே, அது உண்மை. தூங்கிய கருந்துளை விழித்து ஒரு விண்மீனைத் தின்றுகொண்டிருக்கிறது. அது விழிக்கும் என்று சொன்னவள் கூலிம் நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரனின் தங்கை. திங்கட்கிழமை எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிவிட்டார்கள்.

கட்டுரையைத் திரும்ப எழுதுகிறேன். கூட வேலை செய்யும் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், ஏப்ரல் இரைச்சலை "எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று. முடியாது என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பெயரை உங்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. அந்த வரி இப்படி இருக்கும்: "இந்த இரைச்சல், மலேசியாவின் கூலிம் நகரில் உணவகம் நடத்தும் இக்கட்டுரையாளரின் அண்ணன் ஜைனல், தொழுகை நேரத்தை நினைவூட்ட அனுப்பிய கடிகாரத்திலிருந்து வந்தது." எழுதலாமா?

நீங்கள் எதையும் உடைக்கவில்லை. கடை வைஃபையைப் போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை,
கைருன்னிசா

*

கூலிம்
7 செப்டம்பர் 2025

என் அன்புத் தங்கை கைருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். அம்மாவின் சர்க்கரை இறங்கிவிட்டது. என் முழங்கால்கூட இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்பு. எனக்கு எழுதத் தெரியவில்லை. கோபம் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவேன், உனக்குத் தெரியும். வெட்கத்தோடு எழுதிப் பழக்கமில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை காலை வந்தது, ஷிப்டு பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது. கல்லாவில் நின்றபடியே படித்தேன். பாதியில் கண் மங்கிவிட்டது, காளிதாசன் வாங்கி மிச்சத்தைப் படித்தான். அந்த நேர்க்கோடு சரிவுக்கோடு விஷயத்தை மட்டும் மூன்று முறை படித்தான். பிறகு சுவர் பக்கம் திரும்பி, ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து கோடு கிழித்து, அவற்றின் குறுக்கே ஒன்று இழுத்து எல்லா மேசைக்கும் கொண்டுபோய்க் காட்டினான். பஸ் வந்து ஹார்ன் அடித்தது. ஒருவரும் எழவில்லை. டிரைவரே இறங்கி வந்து, என்ன விஷயம் என்று கேட்டு, தானும் ஒரு தே கேட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பஸ் பத்து நிமிடம் தாமதம். ஒரு கருந்துளைக்காக ஹைடெக் பார்க் பஸ் தாமதமானது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அந்த வரியைக் கேட்டதும் காளிதாசன்தான் சந்தேகத்தைக் கிளப்பினான். "ஜைனல் அண்ணே, இது உங்களைப் புகழ்றதா, இல்ல உங்க மேல பழி போடுறதா?" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் சொன்னேன்: "ரெண்டும் இல்லடா. அவளுக்கு ஜெயிக்கிறதுக்கு என் பேரு தேவையே இல்ல. தெரியாதுன்னு ஒரு வரி போட்டிருந்தா போதும், இந்தக் கடையில எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

கைருன்னிசா, நான் இந்த இரண்டு மாதமும் பயந்தது இதற்குத்தான். உன் ஆராய்ச்சி போய்விட்டால், இனி யாராவது உன்னிடம் உன் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது, நீ ஒரு நொடி யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாயோ என்று பயந்தேன். படித்தவர்கள் நிறையப் பேர் அப்படி மாற்றுவதை இதே கல்லாவில் நின்று பார்த்திருக்கிறேன். நீ ஜெயித்த இடத்தில் நின்றுகொண்டு, இது என் அண்ணன் அனுப்பியது என்று எழுதக் கேட்கிறாய்.

எழுது. உலகமே படிக்கட்டும். முழுப் பெயரையும் போடு: ஜைனல் ஆபிதீன்.

உன் அண்ணன்